பாஸ்க் நாட்டின் பழைய ஊர்கள், மலை, கடல்: கிளம்புமுன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

பாஸ்க் நாட்டுக்கு மூன்று முறை போய்வந்திருக்கிறேன். ஒவ்வொரு முறை திரும்பியதும் நண்பர்களும் உறவினர்களும் கேட்ட கேள்விகளைத் தொகுத்து இங்கே பதில் எழுதுகிறேன். எனக்கு மிகவும் பிடித்த நிலம் என்பதால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

பாஸ்க் நாடு எங்கே இருக்கிறது? அது தனி நாடா?

பிரான்சும் ஸ்பெயினும் அட்லாண்டிக் கடலோரத்தில் சந்திக்கும் மூலையில், பிரனீஸ் மலைத்தொடர் தாழ்ந்து கடலில் இறங்கும் இடத்தில் இருக்கிறது. ஏழு மாகாணங்கள். நான்கு ஸ்பெயினில், மூன்று பிரான்சில். தனி அரசு கிடையாது. ஆனால் மொழியாலும் வீட்டாலும் விழாவாலும் தாங்கள் ஒரே மக்கள் என்று அவர்கள் நினைக்கிறார்கள். 'சஸ்பியாக் பாத்', அதாவது 'ஏழும் ஒன்றே' என்ற வாசகத்தைச் சுவர்களில் அடிக்கடி பார்ப்பீர்கள்.

ஸ்பெயின் பக்கம் பிஸ்காயா, கிபுஸ்கோவா, ஆராபா மூன்றும் சேர்ந்து சொந்த நாடாளுமன்றமும் வரி வசூல் உரிமையும் உள்ள தன்னாட்சிப் பகுதி. நவாரா தனித் தன்னாட்சி. பிரெஞ்சுப் பக்கத்துக்கு அந்த அளவு அதிகாரம் இல்லை. அங்கே பாஸ்க் மொழிக்கு ஆட்சிமொழித் தகுதியும் இல்லை.

பயணிக்கு முக்கியமான விஷயம் ஒன்று: ஊர்களுக்கு இரண்டு பெயர் உண்டு. சான் செபாஸ்தியனுக்கு தொனோஸ்தியா, பாம்ப்லோனாவுக்கு இருன்யா, சேன் ஜான் த லூஸுக்கு தொனிபானே லோஹிசுனே. பேருந்துப் பலகையில் எந்தப் பெயர் இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் போவது நல்லது?

செப்டம்பர். யோசிக்கவே வேண்டாம். ஆகஸ்டு முழுக்க வெயில் வாங்கிய கடல் அப்போதும் 20 டிகிரி அளவில் இருக்கும். கூட்டம் குறைந்திருக்கும். பிரெஞ்சுப் பள்ளிகள் திறந்துவிடுவதால் அறை வாடகையும் இறங்கும். அது வாய்க்காவிட்டால் மே கடைசியிலிருந்து ஜூன் வரை. மலையெல்லாம் பச்சை, ஆனால் கடல் நீர் குளிர்ச்சி.

இங்கே எப்போது வேண்டுமானாலும் மழை வரும். அந்தப் பச்சைக்குக் காரணமே அதுதான். குடையில் கூடச் சத்தம் கேட்காத பொடித் தூறலுக்கு 'ஷிரிமிரி' என்று பெயர். கோடையில் வெப்பமான ஒரு பிற்பகலில் கடலிலிருந்து திடீரென்று குளிர்காற்று சீறி வந்து சில நிமிடங்களில் வானத்தையே மாற்றுவதும் உண்டு. அதற்கு 'கலெர்னா' என்று பெயர். பழைய காலத்தில் எத்தனையோ மீனவர்களைக் கொண்டுபோன காற்று அது. கடற்கரையில் காவலர்கள் விசில் ஊதினால் தயங்காமல் எழுந்து வாருங்கள்.

இரண்டு நாடு என்றால் இரண்டு விசாவா?

இல்லை. ஒரே ஷெங்கன் விசா போதும். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டுத் தூதரகம் வழியாக விண்ணப்பியுங்கள். இரண்டிலும் சம நாட்கள் என்றால் முதலில் நுழையும் நாடு. எல்லையில் நிரந்தரச் சோதனைச்சாவடி இல்லை. ஆனால் பிரெஞ்சுக் காவலர்கள் ரயிலிலும் பாலத்திலும் அவ்வப்போது நிறுத்திப் பார்ப்பதால், ஒரு மணி நேரப் பயணத்துக்கும் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

பில்பாவோவிலும் பியாரிட்ஸிலும் விமான நிலையங்கள் உண்டு. பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் பயோன் வந்துவிடும்.

எத்தனை நாள் வேண்டும்? எங்கே தங்குவது?

எட்டு நாள் ஒதுக்குங்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் நான்கு இரவு, அந்தப் பக்கம் நான்கு இரவு. பிரான்சில் சேன் ஜான் த லூஸ் அல்லது பயோன், ஸ்பெயினில் தொனோஸ்தியா. இந்த இரண்டு ஊர்களை வைத்துக்கொண்டே காலையில் கிளம்பி இரவு திரும்பலாம்.

பலர் செய்யும் தவறு, நாளுக்கு ஒரு ஊர் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவது. இங்கே தூரங்கள் மிகக் குறைவு. கடலில் கால் நனைத்த அதே நாள் மாலை மலைச்சரிவில் ஆட்டுமணி கேட்கலாம். பெட்டி ஓரிடத்தில் இருந்தால்தான் காலை ஏழு மணிக்குத் தெருவில் நடக்க முடியும். இந்த ஊர்கள் தங்கள் மக்களுக்காக மட்டும் இருக்கும் நேரம் அது.

கார் எடுக்கவேண்டுமா?

கடலோரத்துக்கு வேண்டாம். பிரெஞ்சு ரயில் பயோன், பியாரிட்ஸ், சேன் ஜான் த லூஸ், ஆந்தாய் ஆகிய ஊர்களைக் கோத்துச் செல்கிறது. ஆந்தாய் நிலையத்துக்கு வெளியிலேயே எவுஸ்கோத்ரென் நிறுவனத்தின் சின்ன ரயில் நிற்கும். ஊர்க்காரர்கள் அதை 'தோப்போ' என்பார்கள், மண்ணுக்குள் வளை தோண்டும் அகழெலியின் பெயர். வழியில் அத்தனை சுரங்கங்கள். முக்கால் மணி நேரத்துக்குள் தொனோஸ்தியா. அங்கிருந்து பில்பாவோவுக்குப் பேருந்தில் ஒன்றேகால் மணி. அதே தூரத்தை ரயிலில் போனால் இரண்டரை மணிக்கும் மேல் ஆகும்; பள்ளத்தாக்குகளைப் பார்க்கும் ஆசை இருந்தால் மட்டும் ரயில்.

உள்நாட்டு மலைக்கிராமங்களுக்குக் கார் தேவைப்படும். இரண்டு மூன்று நாளுக்கு மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

ஒரே ஒரு பழைய ஊர்தான் பார்க்க முடியும் என்றால் எது?

சேன் ஜான் த லூஸ். மீன்பிடித் துறைமுகம், திமிங்கில வேட்டைக்காரர்கள், அரசரின் அனுமதிக் கடிதத்தோடு எதிரிக் கப்பல்களைக் கொள்ளையிட்டவர்கள், இவர்களால் வளர்ந்த ஊர். 1660 ஜூன் 9-ஆம் தேதி பிரான்சின் பதினான்காம் லூயிக்கும் ஸ்பெயின் இளவரசி மரியா தெரேசாவுக்கும் இங்குள்ள யோவான் ஸ்நானகர் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. மணமக்கள் வெளியேறிய வாசலைப் பிறகு கல்வைத்து அடைத்துவிட்டார்கள். வேறெந்த ஜோடியும் அந்த வழியாகப் போகக்கூடாது என்பதற்காக என்று ஊரில் சொல்வார்கள். அடைத்த தடம் வெளிச்சுவரில் இப்போதும் தெரிகிறது.

உள்ளே போய் நிமிர்ந்து பாருங்கள். இரு பக்கச் சுவர்களிலும் கருத்த ஓக் மரத்தில் அடுக்கடுக்காக மாடங்கள். ஆண்கள் மேலே, பெண்கள் கீழே என்பது பழைய வழக்கம். மாடத்திலிருந்து ஆண்குரல்கள் சேர்ந்து பாடும்போது மரமே அதிர்வதுபோல இருக்கும். ஞாயிறு காலை வழிபாட்டுக்கு அமைதியாகப் பின்னால் நில்லுங்கள். கூரையிலிருந்து ஒரு கப்பல் மாதிரி தொங்கும். கடலை நம்பிப் பிழைத்தவர்களின் கோயில் அது.

1749-இல் ஒரு பெரும்புயல் ஊரின் ஒரு பகுதியைக் கடலுக்குள் கொண்டுபோனது. அதற்குப் பின்தான், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், விரிகுடாவின் வாயில் மூன்று அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். இன்று குழந்தைகள் குளிக்கும் அந்த அமைதியான கடற்கரை அந்தக் கல்லின் தயவு. பாலத்தைத் தாண்டினால் சிபூர். இசையமைப்பாளர் மோரிஸ் ராவெல் 1875-இல் பிறந்த வீடு துறைமுகத்தை ஒட்டியே இருக்கிறது.

பயோனில் என்ன பார்க்க?

நீவ் ஆறு அதூர் ஆற்றில் கலக்கும் இடத்தில் இருக்கும் கோட்டை நகரம். ஆற்றை ஒட்டிய ஒடுங்கிய உயரமான வீடுகள், அவற்றின் சிவப்பு, பச்சை மரச்சட்டங்கள், இரட்டைக் கோபுரத் தேவாலயம், அதன் பக்கத்தில் மௌனமான தாழ்வாரம். 1152-இலிருந்து 1451 வரை, கிட்டத்தட்ட 300 ஆண்டு, இது இங்கிலாந்து அரசரின் ஊராக இருந்தது. துப்பாக்கி முனையில் செருகும் 'பயோனெட்' கத்திக்குப் பெயர் தந்ததும் இந்த ஊர்தான்.

சாக்லேட் கடைகளுக்காகவே பலர் வருகிறார்கள். அந்தக் கதையை அறிந்து குடியுங்கள். ஸ்பெயினிலும் போர்த்துகலிலும் மதவிசாரணைக்கு அஞ்சி ஓடிவந்த யூதர்கள் 17-ஆம் நூற்றாண்டில் ஆற்றுக்கு அக்கரையில், சேன் தெஸ்ப்ரி பகுதியில் குடியேறினார்கள். கொக்கோவை அரைத்துச் சாக்லேட் செய்யும் வித்தை அவர்களோடு வந்தது. உள்ளூர்க்காரர்கள் கற்றுக்கொண்ட பிறகு, 1761-இல் ஒரு தொழிற்சங்கம் அமைத்து யூதர்களையே அந்தத் தொழிலிலிருந்து விலக்கப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் அது ரத்தானது. போர் நெஃப் தெருவின் வளைவுகளுக்கு அடியில் உட்கார்ந்து நுரை பொங்கும் சூடான சாக்லேட்டைக் கையில் எடுக்கும்போது எனக்கு அக்கரைதான் நினைவுக்கு வரும்.

ஜூலையில் ஐந்து நாள் பயோன் திருவிழா. 1932-இல் தொடங்கியது. ஊரே வெள்ளை உடையும் சிவப்புத் துண்டுமாக மாறும். சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் பகலில் போய்விட்டு மாலைக்குள் திரும்பிவிடுவது நல்லது.

தொனோஸ்தியாவின் பழைய நகரம் ஏன் அவ்வளவு பழையதாகத் தெரியவில்லை?

1813 ஆகஸ்டு 31-ஆம் தேதி எரிந்துபோனது அதனால். நெப்போலியனின் படையிடமிருந்து நகரை மீட்க வந்த ஆங்கிலேய, போர்த்துகீசியப் படைகள், உள்ளே நுழைந்ததும் கொள்ளையிட்டுத் தீவைத்தன. காப்பாற்ற வந்தவர்கள் கையால் அழிந்த நகரம். மிஞ்சியது இரண்டு தேவாலயங்களும் ஒரு தெருவும்தான். அந்தத் தெருவின் இன்றைய பெயரே 'ஆகஸ்டு 31 தெரு'. மற்றதெல்லாம் 19-ஆம் நூற்றாண்டில் நேர்கோட்டில் திரும்பக் கட்டியவை. அரசியலமைப்புச் சதுக்கத்தின் பால்கனிகளில் எண்கள் எழுதியிருக்கும். அங்கே காளைப் போர் நடந்த காலத்து இருக்கை எண்கள் அவை.

பிறகு அரச குடும்பம் கோடைக்கு இங்கே வரத் தொடங்கியது. அரசி மரியா கிறிஸ்தினாவுக்காக 1893-இல் மிராமார் மாளிகை எழுந்தது. லா கோஞ்சா கடற்கரை, வெள்ளைக் கம்பிக் கைப்பிடி, நீண்ட நடைபாதை எல்லாம் அந்தக் காலத்து நாகரிகம். 1912 முதல் இகேல்தோ மலைக்கு ஏற்றும் இழுவை ரயிலில் சாயங்காலம் ஏறுங்கள். சிப்பி வடிவ விரிகுடா முழுதும் காலடியில் கிடக்கும். கீழே, கடற்கரை முடியும் பாறைகளில் சிற்பி சில்லிதா பதித்த 'காற்றின் சீப்பு' என்ற இரும்புச் சிற்பங்கள் இருக்கின்றன. அலை பெரிதாக உள்ள நாளில் தரையிலுள்ள துளைகள் வழியே காற்றும் நீரும் மூச்சுவிடுவதுபோல மேலே சீறும்.

பியாரிட்ஸ் பணக்காரர்களுக்கான ஊர்தானே?

விலை அதிகம்தான். ஆனால் அதன் அழகான பகுதிகளுக்குக் காசு கேட்பதில்லை. இது ஒரு திமிங்கில வேட்டைக் கிராமம். மூன்றாம் நெப்போலியனின் மனைவி எவுஜேனிக்காக 1850-களில் கடலோரம் மாளிகை கட்டியதும் ஐரோப்பாவின் அரசர்கள் எல்லாம் பின்னால் வந்தார்கள். அந்த மாளிகை இருந்த இடத்தில் இன்று விடுதி. 1957-இல் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் அலைச்சறுக்குப் பலகையைக் கொண்டுவந்தார்கள். பிரான்சில் அந்த விளையாட்டு பரவியது இங்கிருந்துதான்.

கன்னிப் பாறைக்கு இரும்புப் பாலத்தில் நடந்து போங்கள். 248 படிகள் ஏறினால் 1834-ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கத்தின் உச்சி. அங்கிருந்து வடக்கே பார்த்தால் முடிவில்லாத மணற்கரை, தெற்கே பார்த்தால் மலை. பாஸ்க் நிலம் எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்ணாலேயே புரிந்துகொள்ளும் இடம். பார்த்துவிட்டு இரவு தங்க சேன் ஜான் த லூஸுக்குத் திரும்பிவிடுங்கள்.

நீச்சல் சரியாகத் தெரியாது. கடலில் இறங்கலாமா?

இடம் பார்த்து இறங்கலாம். சேன் ஜான் த லூஸ் விரிகுடா, தொனோஸ்தியாவின் லா கோஞ்சா, பியாரிட்ஸில் பழைய துறைமுகத்துச் சின்னக் கடற்கரை ஆகியவை ஒதுங்கிய நீர். ஆந்தாயின் மூன்று கிலோமீட்டர் கடற்கரையும் மெல்லச் சரிவது. மற்ற இடங்களில் அட்லாண்டிக் அலை மிக வலியது. கரையை விட்டு இழுக்கும் நீரோட்டங்கள் உண்டு. பிரெஞ்சுக் கரையில் சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவே மட்டும் குளியுங்கள். சிவப்புக் கொடி பறந்தால் யார் இறங்கினாலும் நீங்கள் இறங்காதீர்கள்.

கடலேற்றமும் இறக்கமும் இங்கே மிகப் பெரிது. நீர்மட்டம் நான்கு மீட்டர்கூட மாறும். பியாரிட்ஸின் கோத் தே பாஸ்க் கடற்கரை கடலேற்றத்தில் மணலே இல்லாமல் மறைந்துவிடும். லெக்கேய்த்தியோ ஊரின் முன்னுள்ள சிறு தீவுக்கு வற்றும் நேரத்தில் நடந்தே போகலாம். நேரம் தவறினால் அங்கேயே நிற்கவேண்டியதுதான். அன்றன்றைய நேர அட்டவணை சுற்றுலா அலுவலகத்தில் கிடைக்கும். காலையில் முதல் வேலையாக அதைப் பாருங்கள்.

சுமாயாவுக்குக் கடல் வற்றும் நேரம் பார்த்தே போங்கள். இத்சுருன் கடற்கரையில் பாறை, புத்தகப் பக்கங்களைச் செங்குத்தாக நிறுத்தியதுபோல அடுக்கடுக்காக நிற்கும். டைனோசர்கள் அழிந்த 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தின் படிவும் அந்தப் பக்கங்களில் ஒன்று.

மலை ஏறிப் பழக்கமில்லை. எந்த மலை?

லா ரூன். பாஸ்க் மொழியில் லாருன். உயரம் 905 மீட்டர்தான், ஆனால் கடலிலிருந்து நேரே எழுவதால் பெரிதாகத் தெரியும். 1924 முதல் ஒரு பல்சக்கர ரயில் மரப்பெட்டிகளோடு மேலே ஏறுகிறது. 35 நிமிடம். ஓட்டமும் நடையுமாகப் போகும் மனிதனின் வேகம். வழியில் 'பொத்தோக்' என்ற குட்டைக் குதிரைகள் மேயும். நம் நீலகிரி ரயிலில் போனவர்களுக்கு அந்தப் பற்கள் கடிக்கும் சத்தம் உடனே பழகிவிடும்.

உச்சியில் எல்லைக்கோடு. ஒரு கால் பிரான்சில், ஒரு கால் ஸ்பெயினில். தெளிந்த நாளில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் அலையலையாக மலைகள். முதல் முறை நான் போனபோது முழுக்க மேகம், கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. அதனால் சொல்கிறேன்: பயணச்சீட்டை நாலு நாள் முன்னே வாங்காமல், முதல் நாள் மாலை மலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆகஸ்டு என்றால் மட்டும் முன்பதிவு இல்லாமல் இடம் கிடைப்பது கடினம். குளிர்காலத்தில் ரயில் ஓடாது. நடந்து ஏற இரண்டரை மணி நேரம்.

இன்னும் உயரம் வேண்டும் என்பவர்களுக்கு கிழக்கே இராத்தி காடு. பீச் மரமும் பிர் மரமும் கலந்த பெருங்காடு, அக்டோபர் இறுதியில் செம்பாகும். மேலே மரக்குடில்களில் தங்கலாம், பனிக்காலத்தில் சமவெளிச் சறுக்கு உண்டு. அதன் அருகில் ஓரி சிகரம், 2,017 மீட்டர். கடலிலிருந்து கிழக்கே வரும்போது 2,000 மீட்டரைத் தாண்டும் முதல் சிகரம். உண்மையான பனிச்சறுக்கு நிலையம் வேண்டுமென்றால் பாஸ்க் எல்லைக்கு வெளியே, பேயார்ன் பகுதியில் பியேர் சேன் மார்த்தேன் இருக்கிறது.

ஸ்பெயினின் சாந்தியாகோ நகருக்குப் போகும் கிறிஸ்தவ யாத்திரைப் பாதையில் ஒரு நாள் மட்டும் நடக்கலாமா?

தாராளமாக. பயோனிலிருந்து ஒரு மணி நேர ரயிலில் சேன் ஜான் பியே த போர். மலையடிவாரத்து மதில் ஊர், இளஞ்சிவப்புக் கல் வீடுகள், வாசல் நிலைகளில் செதுக்கிய ஆண்டுகள். உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்தவர்கள் விடியலில் இங்கிருந்து முதுகுப்பையோடு கிளம்புவார்கள். எல்லைக்கு அப்பால் ஸ்பெயினிலுள்ள ரோன்செஸ்வாயெஸ் வரை ஏறத்தாழ 25 கிலோமீட்டர். 1,200 மீட்டருக்கு மேல் ஏற்றம். பழக்கமில்லாதவர்களுக்கு இது கடினமான நாள். நவம்பர் முதல் மார்ச் வரை உயர்மலைப் பாதை மூடியிருக்கும், அப்போது பள்ளத்தாக்கு வழியாகத்தான் போகவேண்டும்.

778-இல் பாம்ப்லோனாவின் மதிலை இடித்துவிட்டுத் திரும்பிய பிராங்கிய அரசர் சார்லமேனின் பின்படையை பாஸ்க் மக்கள் தாக்கி அழித்தது இந்த வழியிலுள்ள கணவாயில்தான். அவருடைய படைத்தலைவன் ரோலான் அங்கே இறந்தான். பின்னாளில் எழுந்த பிரெஞ்சுக் காவியம் எதிரிகளை அரபுப் படையாக மாற்றிவிட்டது. மண்ணின் மக்களை அவர்கள் கதையிலிருந்தே அழித்துவிட்டார்கள் என்பது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

கிராமங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றனவே. எதைக் கவனிக்க?

வீட்டை. பாஸ்க் நாட்டைப் புரிந்துகொள்ள ஒரே சாவி அதுதான். வீட்டுக்கு 'எச்சே' என்று பெயர். குடும்பம் வீட்டுக்குப் பெயர் வைப்பதில்லை, வீடு குடும்பத்துக்குப் பெயர் வைக்கும். எச்செபெரியா என்ற குடும்பப் பெயருக்குப் பொருள் 'புது வீடு'. ஆண் பெண் பாராமல் மூத்த பிள்ளைக்கே வீடு போகும் வழக்கமும் பல இடங்களில் இருந்தது.

ஐனோவா கிராமத்துக்குப் போங்கள். ஒரே தெரு. வெள்ளைச் சுவர், சிவப்போ பச்சையோ பூசிய மரச்சட்டம், 17, 18-ஆம் நூற்றாண்டு வீடுகள். அதில் கொரித்தியா என்ற வீட்டின் வாசல் நிலைக்கல்லில் ஒரு சாசனம் இருக்கிறது. இறந்துபோன மகன் ஜான் தோலாகராய், கடல் கடந்த 'இந்தியாக்களிலிருந்து' அனுப்பிய பணத்தில், தாய் மரி தெ கொரித்தி இந்த வீட்டை மீட்டாள்; இதை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது; ஆண்டு 1662. அந்தக் காலத்தில் அமெரிக்கக் கண்டத்துக்கு அப்படிப் பெயர். வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பிய பணத்தில் வீட்டை மீட்பது என்றால் என்னவென்று நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அந்தக் கல்லின் முன் வெகுநேரம் நின்றேன்.

பக்கத்து எஸ்பெலெத்தில் இலையுதிர்காலத்தில் வீட்டு முகப்பெல்லாம் சிவப்பு மிளகாய்ச் சரங்கள் காயும். மெக்சிகோவிலிருந்து வந்த பயிர், 2000 முதல் புவிசார் பெயர்ப் பாதுகாப்பு பெற்றது. காரம் மிகக் குறைவு, மணமே அதன் சிறப்பு. அக்டோபர் கடைசி வார இறுதியில் மிளகாய்த் திருவிழா.

பாஸ்க் மொழியான எவுஸ்காராவுக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்கிறார்களே?

நிறுவப்படவில்லை. உலகின் எந்த மொழியோடும் எவுஸ்காராவுக்கு உறவு நிறுவப்படவில்லை. ஆனால் அமைப்பில் தமிழ் காதுக்குச் சில இடங்கள் இதமாக இருக்கும். வேற்றுமை உருபு சொல்லின் கடைசியில் ஒட்டும்: 'எச்சேயான்' வீட்டில், 'எச்சேரா' வீட்டுக்கு, 'எச்சேதிக்' வீட்டிலிருந்து. வினைச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் வரும். உலகில் வேறு பல மொழிகளும் இப்படித்தான், அதனால் உறவு கொண்டாட முடியாது. ஆனாலும் கற்றுக்கொள்ள ஆசை வரும்.

'கைஷோ' வணக்கம், 'எஸ்கெரிக் அஸ்கோ' மிக்க நன்றி, 'அகூர்' போய்வருகிறேன். கடைக்காரரிடம் இந்த மூன்றைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோ ஆட்சியில் பொது இடங்களில் ஒடுக்கப்பட்ட மொழி. வட்டார வழக்குகளைத் தாண்டிய பொது எழுத்துநடைக்கு 1968-இல் அரான்சாசு மடத்தில் கூடி அடித்தளம் போட்டார்கள். ஒன்யாத்தி ஊரிலிருந்து மேலே போகும் அந்த மடம், பாறை விளிம்பில் நிற்கும் 1950-களின் துணிச்சலான கட்டடம். கதவுகள் சில்லிதாவுடையவை, முகப்புச் சிலைகள் இன்னொரு சிற்பி ஓதெய்சாவுடையவை.

தமிழ்நாட்டோடு உண்மையான தொடர்பு ஏதும் இல்லையா?

ஒன்று உண்டு. புனித சவேரியார். 1506-இல் நவாராவின் ஹாவியேர் கோட்டையில் பிறந்தவர். 'ஹாவியேர்', 'சேவியர்' என்ற பெயரே 'எச்சே பெரி' என்ற புது வீட்டிலிருந்து திரிந்தது. தூத்துக்குடியிலும் கன்னியாகுமரியிலும் எத்தனை சேவியர்கள்! அவர்கள் எல்லோரும் ஒரு பாஸ்க் வீட்டின் பெயரைச் சுமக்கிறார்கள்.

1542-இல் முத்துக்குளித்துறைப் பரதவர்களிடம் வந்தார். அவர்கள் பேசுவது தனக்குப் புரியவில்லை, தான் பேசுவது அவர்களுக்குப் புரியவில்லை, ஏனென்றால் அவர்கள் தாய்மொழி மலபார், தன்னுடையது பிஸ்காய மொழி என்று 1544-இல் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். மலபார் என்று அவர் சொல்வது தமிழை, பிஸ்காய மொழி என்பது எவுஸ்காராவை. இரண்டு மொழிகளும் நேருக்கு நேர் நின்ற தருணம் அது. இரு மொழியும் அறிந்தவர்களை உடன் வைத்துக்கொண்டு ஜெபங்களைத் தமிழாக்கினார்.

கோட்டை பாம்ப்லோனாவிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். நவாராவை ஸ்பெயின் வென்றபின் 1516-இல் அதன் கோபுரங்களை இடிக்க உத்தரவானது, இன்று நிற்பது பெரும்பாலும் புதுப்பித்தது. சிற்றாலயத்தில் புன்னகைக்கும் ஒரு மரச் சிலுவைச் சிற்பம் இருக்கிறது. மணப்பாட்டுக் குகையையோ கோட்டாற்றுப் பேராலயத்தையோ அறிந்தவர்கள் அதன் முன் நிற்பது தனி அனுபவம்.

கெர்னிகாவுக்குப் போகத்தான் வேண்டுமா?

போகவேண்டும். பில்பாவோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். 1937 ஏப்ரல் 26, திங்கட்கிழமை, சந்தை நாள். பிராங்கோவுக்கு உதவ வந்த ஜெர்மானியக் கோண்டோர் படையும் இத்தாலிய விமானங்களும் குண்டுபோட்டு ஊரை எரித்தன. பிக்காசோவின் ஓவியம் இருப்பது மாத்ரித்தில்; இங்கே தெருச்சுவரில் ஓடுகளால் செய்த நகல் மட்டும்.

இன்னும் முக்கியம் ஓக் மரம். பிஸ்காயாவின் ஊர்ப் பிரதிநிதிகள் அதன் நிழலில் கூடிச் சட்டம் செய்தார்கள், ஆட்சியாளர்கள் அதன் கீழ் அவர்களின் உரிமைகளைக் காப்பதாக உறுதியளித்தார்கள். குண்டுவீச்சில் மரமும் மன்றமும் தப்பின. பழைய மரத்தின் பட்ட அடிமரத்தைத் தூண்மண்டபத்தில் வைத்திருக்கிறார்கள். இப்போது நிற்பது அதே வம்சத்துக் கன்று, 2015-இல் நட்டது. திங்கட்கிழமை போனால் சந்தை இன்றும் நடக்கிறது. ஊர் நிமிர்ந்துவிட்டது என்பதை அந்தக் காய்கறிக் குவியல்களுக்கு நடுவில்தான் உணர்ந்தேன்.

குண்டுவெடிப்பு, தீவிரவாதம் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். பயமில்லையா?

அது முடிந்துபோனது. பாஸ்க் தனிநாட்டுக்காக ஆயுதம் ஏந்திய ஏத்தா அமைப்பு 2011-இல் ஆயுதப் போராட்டத்தை நிறுத்தியது, 2018-இல் கலைந்தது. கூட்ட நெரிசலில் பணப்பையைக் கவனியுங்கள், அது போதும்.

சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கேட்டு வாங்கவேண்டும். மீனும் பன்றி இறைச்சியும்தான் இங்கே உணவின் உயிர். 'இறைச்சி இல்லாமல்' என்று சொன்னால் பொடியாக நறுக்கிய ஹாமும் சூரை மீனும் இறைச்சிக் கணக்கில் வராமல் தட்டுக்கு வந்துவிடும். ஹாம் வேண்டாம், மீன் வேண்டாம் என்று தனித்தனியே சொல்லுங்கள்.

'பிஞ்சோ' என்ற சிறு தின்பண்டங்கள் விற்கும் மதுக்கடைகளில் எண்ணெயில் வதக்கி உப்புத் தூவிய கெர்னிகா பச்சைமிளகாய், வாட்டிய காளான், உருளைக்கிழங்கு ஆம்லெட் கிடைக்கும். முட்டை சாப்பிடாதவர்களுக்குத் தேர்வு சுருங்கும். தொலோசா கருப்பு பீன்ஸ் அருமையானது, ஆனால் பன்றிக் கொழுப்போடு வேகவைப்பார்கள். லாச்சா இன ஆட்டுப்பாலில் செய்யும் இதியாசாபால் பாலாடைக்கட்டியில் ஆட்டுக்குட்டியின் உறைபொருள் சேர்க்கிறார்கள், கண்டிப்பான சைவர்கள் அறிந்துகொள்ளவேண்டும். மீன் சாப்பிடுபவர்களோ கெதாரியாவுக்குப் போய் தெருவோரக் கரியடுப்பில் முழு மீன் சுடுவதைப் பார்த்தே பசி எடுப்பார்கள். உலகை முதலில் சுற்றிமுடித்த எல்கானோவின் ஊர் அது, ஆடை வடிவமைப்பாளர் பாலென்சியாகாவின் ஊரும் அதுவே.

ஸ்பெயினில் மதிய உணவு ஒன்றரைக்கு மேல், இரவு ஒன்பதுக்கு. பிரான்சில் மதியம் இரண்டு மணிக்கு அடுப்பு அணைந்துவிடும்.

வயதானவர்களோடு வருகிறோம். எதைத் தவிர்க்க?

காஸ்தெலுகாச்சேயை. கடலுக்குள் நீண்ட பாறை, உச்சியில் சிற்றாலயம், 241 படிகள். படத்தில் எளிதாகத் தெரியும். ஆனால் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து படி தொடங்கும் இடத்துக்கே செங்குத்தாக இறங்கவேண்டும், திரும்பும்போது அத்தனையும் ஏறவேண்டும். மேலே நின்று பார்த்துவிட்டு வருவதே நலம். ஏற விரும்புபவர்கள் கோடையில் இணையத்தில் இலவச முன்பதிவு செய்யவேண்டும். ஏறியதும் மணியை மூன்று முறை அடிப்பது வழக்கம்.

அவர்களுக்கு ஏற்றது காம்போ லே பேன். வெந்நீரூற்று ஊர், சமதளத் தோட்டங்கள், எழுத்தாளர் ரோஸ்தானின் ஆர்னாகா மாளிகை. அதேபோல ஆந்தாயிலிருந்து ஒன்தாரிபியாவுக்குப் படகு. பிதாசோவா ஆற்றுமுகத்தைச் சில நிமிடங்களில் கடந்து இன்னொரு நாட்டில் இறங்கலாம். வண்ண மரப் பால்கனிகள் நிறைந்த மீனவர் தெரு படகுத்துறையிலிருந்து சில நிமிட நடை. மதிலுக்குள் இருக்கும் பழைய நகரம் மட்டும் கொஞ்சம் ஏற்றம். ஆற்றில் மேலே ஃபெசான் தீவு இருக்கிறது. 1659-இல் பிரான்சும் ஸ்பெயினும் அங்கேதான் பிரனீஸ் ஒப்பந்தம் போட்டன. இன்றும் ஆறு மாதம் ஒரு நாட்டுக்கும் ஆறு மாதம் மற்ற நாட்டுக்கும் சொந்தம். இறங்க அனுமதியில்லை, கரையிலிருந்தே பார்க்கலாம். மாலைக்கு முன்பே கடைசிப் படகின் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோடைக்கு ஒரு நேரம், குளிர்காலத்துக்கு வேறு நேரம்.